சாலை, அஞ்சல், வலை: விரிபரப்பு வலையமைப்புச் சேவைக் கலைச்சொற்கள் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் இயங்கும் கணினிகளை இணைப்பது குறும்பரப்பு வலையமைப்பு ஆகும். ஊர், மாவட்டம், மாநிலம், நாடு எனத் தொலைவிலுள்ள இடங்களை இணைப்பது விரிபரப்பு வலையமைப்பு ஆகும். முன்னதை அதன் உரிமையாளரே அமைத்துக்கொள்ள இயலும். பின்னதற்குப் பெரும்பாலும் பிறர் நிலத்தின் வழியாகவும் பிறர் கம்பியின் வழியாகவும் செல்ல வேண்டியிருத்தலின், அது ஒரு நிறுவனத்திடமிருந்து கட்டணம் செலுத்திப் பெறும் சேவையாகவே அமைகிறது. எனவே விரிபரப்பு வலையமைப்பைக் குறிக்கும் சொற்கள் வெறும் பொறியியற் சொற்கள் அல்ல; கொடுப்போருக்கும் கொள்வோருக்கும் இடையேயான உடன்பாட்டுச் சொற்களும் ஆகும். உடன்பாட்டில் ஒரு சொல் இருபொருள்பட நிற்குமாயின் இழப்பு கொள்வோரையே சாரும்.

இத்தகைய சொற்கள் தமிழில் உருவான வரலாற்றைத் திருவனந்தபுரம் வலியசாலையைத் தொடக்கமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கிய இப்பகுதியில் தொலைத்தொடர்பு சார்ந்த சொற்கள் சில பிற தமிழ்ப் பகுதிகளினின்று வேறுபட்ட வரலாற்றைக் கொண்டுள்ளன. அவ்வரலாறு இன்றைய கலைச்சொல்லாக்கத்திற்குத் துணைசெய்யுமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

வலியசாலையும் பொருள் இழந்த சொல்லும்

வலியசாலை என்பதற்குப் பெரிய சாலை என்பது பொருள். தமிழ் அக்கிரகாரத் தெருக்களையும் காந்தளூர் மகாதேவர் கோயிலையும் கொண்ட இப்பகுதியையே கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலையாக ஆய்வாளர் பலர் கொள்வர். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்காக ஒரு சாலையை நிறுவியபோது, காந்தளூர் நெறியையே முன்மாதிரியாகக் கொண்டான் என்பதை அவனது செப்பேட்டால் அறியமுடிகிறது. ஆகவே அக்காலத்தில் சாலை என்பது போக்குவரத்து வழியைக் குறிக்காமல், மாணாக்கர் உண்டு உறைந்து கற்கும் நிறுவனத்தைக் குறித்தது எனலாம்.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இச்சாலையைப் பற்றி வரும் 'கலமறுத்தல்' என்னும் தொடர் அறிஞரிடையே நெடிய விவாதத்திற்கு உள்ளானது. கலம் என்பது மரக்கலம் என்றும், எனவே அது கடற்போர் வெற்றியைக் குறிக்கும் என்றும் ஒருசாரார் கூறினர். உண்கலம் எனக் கொண்டு சாலையில் வழங்கிய உணவு நிறுத்தப்பட்டது அல்லது வரையறுக்கப்பட்டது என மற்றொரு சாரார் விளக்கினர். வழக்கு, வில்லங்கம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தியோரும் உளர். திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இப்பொருள் குறித்துத் தனி நூலே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விவாதத்தின் தீர்வு நமது நோக்கமன்று. அது உணர்த்தும் உண்மையே இங்குக் கருதத்தக்கது. தொடரைக் கல்லில் பொறித்தவர்க்கு அதன் பொருளில் ஐயம் இருந்திராது. ஆயின் அதன் வரையறையை அவர்கள் எழுதிவைக்கவில்லை. சொல் நிலைத்தது, பொருள் நழுவியது. சாலை என்னும் சொல்லும் அவ்வாறே கல்விநிலையம், அறக்கூடம் என்னும் பொருள்களினின்று விரிந்து இன்று பெரிதும் வழியையே குறிக்கிறது. 1990-களில் இணையத்தைத் 'தகவல் நெடுஞ்சாலை' எனத் தமிழ் இதழ்கள் எழுதியபோது இச்சொல் மேலும் ஒரு பொருளை ஏற்றது.

அஞ்சல்: திருவிதாங்கூர் தந்த சான்று

கணினிக்கு நெடுங்காலம் முன்பே திருவிதாங்கூரில் அரசு நடத்திய ஒரு விரிபரப்புத் தொடர்பமைப்பு இருந்தது. அதுவே அஞ்சல் ஆகும். அரசாணைகளையும் அலுவல் மடல்களையும் கொண்டுசெல்ல ஏற்பட்ட இவ்வமைப்பு பின்னர்ப் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1888-இல் திருவிதாங்கூர் தனக்கெனச் சங்கு முத்திரை பொறித்த அஞ்சல்தலைகளை வெளியிட்டது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் 'தபால்' என்னும் சொல் வழங்க, இங்கு அஞ்சல் என்பதே நிறுவனத்தின் பெயராயிற்று. 1951-இல் திருவிதாங்கூர் - கொச்சி அஞ்சல் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வட்டங்கள் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன.

அஞ்சல் இயங்கிய முறை ஈண்டு நோக்கத்தக்கது. மணி கட்டிய கோலை ஏந்திய அஞ்சலோட்டக்காரர் ஒருவர் பையைச் சுமந்து ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை வரை ஓடுவார். அங்குப் பை வேறொருவர் கைக்கு மாறும். ஒரே ஆள் முழுத் தொலைவும் செல்வதில்லை. இடைநிலையில் மடல்கள் பிரித்து அடுக்கப்பட்டு உரிய திசையில் அனுப்பப்படும். பெற்று, வைத்து, பிரித்து, மேலே அனுப்புதல் என்னும் இந்நான்கு செயல்களும் இன்றைய வலையமைப்பின் இடைநிலைக் கருவிகள் செய்வனவே ஆகும்.

எனவே அஞ்சல் என்னும் சொல்லின் கருப்பொருள் மடல் அன்று. கைமாறிச் செல்லுதலே எனக் கருத இடமுண்டு. இதற்குப் பிற வழக்குகளும் சான்றாகின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோல் மாறும் ஓட்டப்பந்தயம் இலங்கைத் தமிழில் அஞ்சலோட்டம் எனப்படுகிறது. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என வானொலியார் கூறுவர். தமிழ்நாட்டில் தபால் என்பதற்கு மாற்றாக அஞ்சல் நிலைபெற்றபின், அதனடியாக மின்னஞ்சல் பிறந்தது. திருவிதாங்கூர் அஞ்சல் என்னும் நிறுவனம் மறைந்தது. ஆயினும் அதன் பெயராய் விளங்கிய சொல் தமிழுலகம் முழுவதும் வழங்குகிறது.

கம்பியும் தந்தியும்

இந்தியாவில் மின்தந்திக்கான சோதனையை ஓஷானசி 1839-இல் கல்கத்தாவில் நிகழ்த்தினார். 1850-களில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே முதல் தடம் இயங்கத் தொடங்கியது. புதிய பொருளுக்குத் தமிழ் 'தந்தி' என்னும் சொல்லைப் பயன்படுத்திக்கொண்டது. யாழின் நரம்பைக் குறித்த சொல் செய்தி செல்லும் கம்பியைக் குறித்து, பின் செய்தியையே குறித்தது. மலையாளம் 'கம்பி' என்பதை அதே பொருளில் வழங்கியது. வலியசாலை போன்ற இருமொழிப் பகுதிகளில் இவ்விரண்டும் அருகருகே வழங்கின.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் முறை வந்தபோது இரு மொழிகளும் ஒரே இடரை எதிர்கொண்டன. தமிழில் 'கம்பியில்லாத் தந்தி' என்றும், மலையாளத்தில் 'கம்பியில்லாக் கம்பி' என்றும் பெயர்கள் தோன்றின. பின்னது தன்னைத் தானே மறுக்கும் தொடராக இருத்தலைக் காணலாம். கருவியின் வடிவத்தைக் கொண்டு பெயரிட்டால், வடிவம் மாறும்போது பெயர் பொருந்தாமற் போகும் என்பதை இது உணர்த்துகிறது. அஞ்சல் என்பதோ செயலைக் கொண்டு அமைந்த பெயர். ஓடுபவர், வண்டி, தொடர்வண்டி, வானூர்தி எனக் கருவி மாறியபோதும் அப்பெயர் பொருந்தியே நின்றது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 சூலையில் நிறுத்தப்பட்டது. இன்று அச்சொல் செய்தியிதழ்ப் பெயர் முதலானவற்றிலேயே பெரிதும் வாழ்கிறது.

பொதி, பொட்டலம், சிப்பம்

செய்தியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே அனுப்பிச் சேருமிடத்தில் மீண்டும் கோக்கும் முறையை அமெரிக்காவில் பால் பேரன் 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். 1964-இல் விரிவான அறிக்கைகளாக வெளியிட்டார். இங்கிலாந்தில் டொனால்டு டேவிசு 1965-இல் அதே கருத்தைத் தனியே வகுத்தார். அத்துண்டுக்குப் 'பாக்கெட்' எனப் பெயரிட்டவர் டேவிசு ஆவார். பிற மொழிகளிலும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல் வேண்டும் என்று கருதி அவர் மொழியியலாரைக் கலந்துகொண்டார் என்பது கலைச்சொல் ஆய்வாளர் மறக்கலாகாத செய்தியாகும். பேரன் பயன்படுத்திய நீண்ட தொடர் வழக்கொழிய, இச்சிறுசொல்லே உலகெங்கும் நிலைத்தது. 1969-இல் ஆர்ப்பாநெட் இம்முறையில் இயங்கத் தொடங்கியது. 1976-இல் எக்ஸ்.25 என்னும் பன்னாட்டு நெறிமுறை வகுக்கப்பட்டது.

தமிழில் இதற்குப் பொதி, பொட்டலம், சிப்பம் என மூன்று சொற்கள் வழங்கியுள்ளன. பொட்டலம் சிறுமையைக் காட்டுவது. கடையில் பொருளை மடித்துத் தருதலை நினைவூட்டுவது. சிப்பம் வணிக வழக்கு. வலியசாலையை அடுத்துள்ள சாலைக் கடைத்தெரு போன்ற பெருஞ்சந்தைகளில் சரக்கைக் கட்டி அனுப்பும் முறையோடு தொடர்புடையது. பொதி என்பது கட்டுதல், சுமத்தல், கொண்டுசெல்லுதல் ஆகிய மூன்றையும் உணர்த்துவது. அன்றியும் அது பெயராகவும் வினையடியாகவும் நிற்பது. பொதித்தல், பொதியுறை, பொதிமாற்றம் என விரிவது. இக்காரணங்களால் பொதி என்பதே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது.

இந்திய வலையமைப்புகளும் தமிழ்ச் சொல்லாக்கமும்

1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் 1980-களில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைக்கும் நிக்நெட் அமைப்பை உருவாக்கியது. 1986-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் எர்நெட் தொடங்கப்பட்டுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைத்தது. 1990-இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டது. 1995 ஆகத்து 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது.

1916-இல் சேலத்தில் இராசாசி முதலானோர் தொடங்கிய அறிவியற் கலைச்சொல் முயற்சி முதல் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பாடநூலை முன்னிட்டே வளர்ந்தது. கணினி வலையமைப்புச் சொற்களோ பயனாளரிடமிருந்தும் அயலகத் தமிழரிடமிருந்தும் எழுந்தன. 'இணையம்' என்னும் சொல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி வழங்கியது எனப் பொதுவாகக் கூறுவர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடைபெற்ற மாநாடுகளும், 2000-இல் தோன்றிய உத்தமம் அமைப்பும், மணவை முஸ்தபா போன்றோரின் கலைச்சொல் தொகுப்புகளும், அண்ணா பல்கலைக்கழக வளர்தமிழ் மன்றத்தின் பணியும் இத்துறையை வளம்படுத்தின.

ஆயினும் ஒருமைப்பாடு எய்தப்படவில்லை. அடிப்படைச் சொல்லுக்கே பிணையம், வலைப்பின்னல், வலையமைப்பு என மூன்று வடிவங்கள் உள்ளன. பிணையம் சுருக்கமானது, எனினும் கடனுக்கு ஈடாக வைப்பதையும் அதுவே குறித்தலின் ஒப்பந்த மொழியில் இடர் விளைக்கும். 'பிணையப் பாதுகாப்பு' என்பது வலையின் பாதுகாப்பா, கடனீட்டின் பாதுகாப்பா என மயங்க நேரும். வலையமைப்பு இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வழங்குவதால் அதுவே பொதுச்சொல் ஆகத்தக்கது. வலையின் முடிச்சைக் குறிக்கக் கரும்பு, மூங்கில் ஆகியவற்றின் 'கணு' எடுத்தாளப்பட்டமை தமிழ் மரபுக்கு இயைந்த ஆக்கமாகும்.

சேவைச் சொற்களும் உரிமையும்

2005 மார்ச்சில் இந்திய அரசு மாநில விரிபரப்பு வலையமைப்புத் திட்டத்திற்கு ரூ.3,334 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டம் வழியாக வட்டார நிலை வரை நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் திறனுடைய இணைப்பை அளிப்பது அதன் இலக்காகும். கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று நகரங்களை மையங்களாகக் கொண்டு, 14 மாவட்டங்களுக்கும் 152 வட்டார ஊராட்சிகளுக்கும் இவ்வமைப்பு விரிந்தது. பின்னர் 2023 சூன் 5-இல் கேரள ஒளியிழை வலையமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது.

மேற்கண்ட இலக்கில் 'குறைந்தது' என்னும் சொல்லே உயிரானது. 'நொடிக்கு 2 மெகாபிட் வரை' என மாறுமாயின் உறுதி மறைந்து மேல்வரம்பு மட்டுமே எஞ்சும். பிட், பைட் என்னும் அளவுகளும் அவ்வாறே. 8 பிட் கொண்டது 1 பைட் ஆதலின், ஓரெழுத்து மாறினால் கணக்கு எட்டு மடங்கு பிழைபடும். இத்தகைய இடங்களில் சொல்லின் துல்லியம் பயனாளரின் உரிமையாகிறது. இந்நோக்கில் ஐந்து சொற்களை ஆராயலாம்.

முதலாவது, குத்தகைத் தடம். ஒரு நிறுவனம் இரு இடங்களுக்கிடையே தனக்கு மட்டுமே உரியதாக மாதக் கட்டணத்தில் பெறும் நிலையான இணைப்பு இது. நிலவுடைமை சார்ந்த குத்தகை என்னும் சொல் இங்குப் பொருத்தமுற அமைகிறது. உடைமை ஒருவருடையது, பயன் மற்றவருடையது, விளைந்தாலும் விளையாவிட்டாலும் செலுத்தவேண்டிய தொகை ஒன்றே என்னும் மூன்று கூறுகளையும் தமிழர் அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே உணர்வர்.

இரண்டாவது, மெய்நிகர் சுற்று. பலர் பகிர்ந்துகொள்ளும் வலையில் ஒருவருக்குத் தனித்தடம் இருப்பது போன்று அமைத்துத் தருவது இது. மெய்நிகர் என்பது 'உண்மையன்று, உண்மையை ஒத்தது' என ஒப்புக்கொள்ளும் நேர்மையான சொல்லாகும். ஆயின் 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் இதே அடைமொழி நிற்க, தமிழில் 'இணைய' என ஆளப்பட்டது. பெயரளவில் அது நயமான ஆக்கம். கலைச்சொல்லாக அதனையே கொண்டால் 'இணையச் சுற்று' எனப் பொருள் திரியும். பெயர்சூட்டலுக்கும் கலைச்சொல்லாக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதனால் புலனாகும்.

மூன்றாவது, சட்டக அஞ்சல். 1990-களில் பரவிய இச்சேவையில், தரவு சட்டகங்களாக அமைக்கப்பட்டு இடைநிலைகளில் பிழைதிருத்தமின்றி விரைந்து கைமாற்றப்பட்டது. எக்ஸ்.25 முறையில் ஒவ்வொரு நிலையிலும் சரிபார்ப்பு நிகழும். இதில் அப்பொறுப்பு இரு முனைகளுக்கும் விடப்பட்டது. கைமாற்றுதலைக் குறிக்க அஞ்சல் என்னும் பழஞ்சொல்லை ஆளின் முன்னர்க் கண்ட அஞ்சலோட்டக்காரர் மரபு நேரே பொருந்துதல் காணலாம். இச்சேவையாளர் ஒரு குறித்த அளவுக்கு உறுதியளிப்பர். அதற்கு மேற்பட்டது வலையில் இடமிருந்தால் மட்டுமே செல்லும். முன்னதை 'உறுதி வீதம்' எனலாம். 2001-இல் கட்டமைப்பு வகுக்கப்பட்ட எம்.பி.எல்.எஸ். முறை பின்னர் இதன் இடத்தைப் பெரிதும் பற்றியது. பொதி நுழையும் இடத்திலேயே ஒரு சிட்டை ஒட்டப்பட, இடைநிலைக் கருவிகள் சிட்டையை மட்டும் நோக்கி அனுப்புவதால் 'சிட்டை மாற்றம்' எனப் பெயர் தரலாம்.

நான்காவது, கற்றை அகலம். ஒரு தடத்தின் கொள்திறனைக் குறிக்கச் சிலர் 'அலைக்கற்றை' என எழுதினர். ஆயின் இரண்டாம் தலைமுறை உரிமங்கள் குறித்த விவாதம் 2010-ஐ ஒட்டி நாடெங்கும் பரவியபோது, வானலைகளின் தொகுதியைக் குறிக்க அச்சொல் நிலைபெற்றுவிட்டது. கண்ணாடி இழையிலோ செம்புக் கம்பியிலோ செல்லும் கொள்திறனை இனி அச்சொல்லால் குறித்தல் மயக்கம் தரும். இதனோடு தொடர்புடைய மற்றொரு மயக்கம் 'அகண்ட அலைவரிசை' என்பதாகும். அகண்டம் என்னும் வடசொல் துண்டுபடாமையைக் குறிக்கும். அகன்ற என்னும் தமிழ்ச்சொல்லே விரிவைக் குறிக்கும். விளம்பரத்தில் 'அகண்ட' என எழுதுவோர் தம்மை அறியாமலே இடையறாத சேவையை வாக்களிக்கின்றனர் எனலாம்.

ஐந்தாவது, கடைமடை இணைப்பு. பேரிணைப்பு வட்டாரத் தலைநகர் வரை வந்தும் அங்கிருந்து ஊராட்சிக்கோ பள்ளிக்கோ இல்லத்திற்கோ செல்லும் இறுதித் தடம் அமையாமை உலகெங்கும் காணப்படும் சிக்கலாகும். ஆங்கில மரபை ஒட்டிக் 'கடைசி மைல்' என எழுதுவர். நாஞ்சில் நாட்டிலும் காவிரிப் படுகையிலும் வாய்க்காலின் கடைசியிலுள்ள வயல்கள் கடைமடை எனப்படும். அணையில் நீர் இருந்தும் கடைமடைக்கு எட்டாத துயரை உழவர் அறிவர். தலைமடையில் உள்ளோர் எடுத்தது போக எஞ்சியதே அங்கு வரும். பகிர்வு முறையில் இயங்கும் வலையமைப்பின் நிலையும் அதுவே. தொலைவை மட்டும் சுட்டும் 'மைல்' காட்டாத பங்கீட்டு நீதியைக் 'கடைமடை' காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. வரையறை எழுதப்படாத நிறுவனச் சொல் காலப்போக்கில் பொருள் இழக்கும் என்பதற்குக் காந்தளூர்ச் சாலை பற்றிய விவாதம் சான்றாகிறது. ஆகவே கலைச்சொற் பட்டியல் மட்டும் போதாது; ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலேயே வரையறை வேண்டும்.

2. கருவியால் பெயரிட்ட தந்தி, கம்பி ஆகியன கருவியோடு தேய்ந்தன. செயலால் அமைந்த அஞ்சல் புதிய பொருள்களையும் ஏற்று வளர்ந்தது. எனவே செயலடிச் சொற்களே நிலைக்கும் தகுதி மிக்கன.

3. பிணையம், அலைக்கற்றை, அகண்ட என்பன போன்று வேறுபொருள் ஏற்ற சொற்களைச் சேவை ஒப்பந்தங்களில் தவிர்த்தல் நலம்.

4. குத்தகை, சிட்டை, பொதி, கடைமடை என உழவிலும் வணிகத்திலும் வழங்கும் சொற்கள் புதிய சேவைகளின் இயல்பைப் பயனாளர்க்கு எளிதில் உணர்த்துகின்றன.

திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி, இறுதிக் காலத்தில் மீண்டும் இந்நகரின் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்றவர் ச. வையாபுரிப் பிள்ளை. சொல்லின் பொருளை வழக்கிலிருந்தே அறிய வேண்டும் என்னும் நெறி அகராதிக் கலையின் அடிப்படையாகும். வலையமைப்புச் சேவைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, எக்ஸ்.25 இன்று வரலாறு, சட்டக அஞ்சலும் ஏறத்தாழ அவ்வாறே. ஆயினும் அரசு அலுவலகத்தின் கடைசி மேசையில் அமர்ந்து இணைப்புக்காகக் காத்திருப்பவர், தமக்கு வாக்களிக்கப்பட்டது யாது, கிடைத்தது யாது எனத் தம் மொழியிலேயே கேட்கும் நிலை வேண்டும். அதற்கான சொற்களை வரையறையோடு ஆக்கித் தருதல் தமிழ்த் துறைகளின் கடமையாகும்.